அரைத்த மாவையே அரைக்கலாமா?

களைப்பைப் போக்கிக்கொள்ள மனிதன் கண்ட வழிகளுள் விளையாட்டும் ஒன்று. ஆனால் இன்று நம் இல்லங்களில் கைப்பேசியை ஏந்தி அமர்ந்திருக்கும் இளையோரின் முகத்தை நோக்கினால், அவர்கள் களைப்பாறுகின்றார்களா, களைப்பைத் தேடிக்கொள்கின்றார்களா என்னும் ஐயம் எழாமல் இராது. ஒரே அரக்கனை நூறு முறை வீழ்த்துகின்றார்கள். திரையில் உள்ள ஒரே வயலை ஒரு நாளிலேயே பல முறை அறுவடை செய்கின்றார்கள். "இதில் என்னப்பா இன்பம்?" என்று தாய் கேட்டால், "இன்னும் இருபது முறை செய்தால் அடுத்த நிலைக்குப் போய்விடுவேன், அம்மா" என்று விடை வருகின்றது. செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்பேச்சு நடவாத வீடு அரிது. ஆதலின் இத்திங்கள் இப்பகுதியில் இதனையே ஆராய எடுத்துக்கொண்டோம்.

ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து எண்ணிக்கையைக் கூட்டும் இவ்வுழைப்புக்கு ஆடுவோர் இட்ட பெயர் 'கிரைண்டிங்' என்பதாம். அரைத்தல் என்பதே அதன் பொருள். நம் அடுக்களையில் நிற்கும் கிரைண்டரும் அச்சொல்லின் வழி வந்ததே. அரைத்த மாவையே அரைப்பதாக நாம் பிறரைக் குறை கூறுவது போலவே, ஆடுவோரும் தம் ஆட்டங்களைக் குறை கூறிக்கொள்கின்றனர். எனினும் விடாமல் அரைக்கின்றனர். அரைத்தல் ஆட்டத்தை இனிப்பாக்குகின்றதா, கசப்பாக்குகின்றதா? கடினமான அறைகூவல் இன்பம் தருவதா, எரிச்சலூட்டுவதா? இவ்விரண்டு வினாக்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தாலன்றித் தெளிவு பிறவாது.

முதலில் நம் வீட்டுத் திண்ணைக்கே செல்வோம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உண்டு. அங்கே குலுக்கலும் இல்லை, நற்பேறும் இல்லை. ஆட்டை வெட்டுக் கொடாமல் காப்பதும் புலியை அசையவொட்டாமல் கட்டுவதும் முழுவதும் அறிவின் தொழில். இது தூய அறைகூவல். தாயம் வேறு வகை. தாயம் விழுந்தாலன்றிக் காயைக் களத்தில் இறக்க இயலாது. ஒருவர் தொடர்ந்து உருட்டிக்கொண்டே இருப்பார், மற்றவர் காய்கள் பாதி வழி கடந்திருக்கும். அந்தக் காத்திருப்பில் திறமை ஏதும் இல்லை. ஆயினும் அடுத்த உருட்டலில் விழுந்துவிடும் என்னும் நம்பிக்கை கையை ஓயவிடாது. பரமபதத்திலோ ஆடுவோர் முடிவு செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஏணியும் பாம்பும் தாமே நம்மை ஏற்றி இறக்குகின்றன. எனினும் பாட்டியும் பேரனும் சேர்ந்து அமர்ந்தால் வீடே சிரிக்கின்றது. ஆகவே திறமை ஓர் இன்பம், எதிர்பார்ப்பு ஓர் இன்பம், கூடியிருத்தல் ஓர் இன்பம். திரையில் ஓடும் ஆட்டங்களும் இம்மூன்றையே வெவ்வேறு அளவில் கலந்து தருகின்றன.

அறைகூவலைப் பற்றி அறிஞர் கூறியுள்ள ஒரு கருத்து ஈண்டு நினைக்கத்தக்கது. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்னும் உளவியலறிஞர் 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனிதன் தன்னை மறந்து ஒரு செயலில் ஆழும் நிலையை விளக்கினார். செயலின் கடினமும் செய்வோனின் திறமையும் ஒத்திருக்கும்போதே அந்நிலை கைகூடுமாம். கடினம் மிகுந்தால் கலக்கம் உண்டாகும். திறமை மிகுந்தால் சலிப்பு உண்டாகும். பழைய எந்திர ஆட்டமொன்று இதனைத் தற்செயலாகவே எட்டிப்பிடித்தது. 1978-இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், பகைவர் சிலரை வீழ்த்தியதும் எஞ்சியவர் விரைந்து வரத் தொடங்குவர். திரையில் உருவங்கள் குறையக் குறையப் பொறியின் சுமை குறைந்து ஓட்டம் விரைவானதே அதற்குக் காரணம். அமைத்தவர் அதனைத் திருத்தாமல் அப்படியே விட்டார். ஆடுவோன் தேற, ஆட்டமும் கடினமாகும் முறை அவ்வாறு அமைந்தது.

ஆனால் அறைகூவல் எப்போதும் நேர்மையானது என்று எண்ணிவிட வேண்டா. கடைகளில் காசு போட்டு ஆடிய அந்நாள் எந்திரங்களுள் பல, ஆடுவோன் விரைவில் தோற்று அடுத்த காசை எடுக்கவேண்டும் என்ற கணக்கோடு கடினமாக்கப்பட்டவை. கடினமும் ஒரு காலத்தில் விற்பனைச் சரக்காக இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி, அரைத்தல் எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில், வீரன் பட்ட அனுபவத்தைப் புள்ளிகளாக எண்ணி, அவனை நிலை நிலையாக உயர்த்தும் முறை வந்தது. அதனைக் கணிப்பொறி ஆட்டங்கள் கடன் வாங்கின. 1986-இல் ஜப்பானில் யூஜி ஹோரீ அமைத்த 'டிராகன் குவெஸ்ட்' அம்முறையை அந்நாட்டு வீடுகளெங்கும் பரப்பியது. அதில் வீரன் மாண்டால் அரசன் முன்னிலையில் மீண்டும் எழுவான். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடும். பெற்ற அனுபவப் புள்ளி ஒன்றும் குறையாது. விரல் விரைவில்லாத சிறுவனும், கண் மங்கிய பெரியவரும், பொறுமையாகச் சிறு பகைவரை வென்று வென்று வலிமை சேர்த்தால் முடிவில் பேரரக்கனையும் வெல்லலாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது அங்கே விதியாகவே அமைந்தது. எனவே அரைத்தல் பிறப்பிலேயே இழிந்ததன்று. திறமை குறைந்தவர்க்கும் வாயிலைத் திறந்து வைத்த ஏற்பாடு அது.

திரும்பத் திரும்பச் செய்தல் இழிந்ததென்றால், நம் வட்டாரத்தின் பெருமைகள் பலவும் இழிந்தவையாகிவிடும். நமக்கு அண்மையில் உள்ள பாலராமபுரத்தைப் பாருங்கள். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயர் தாங்கிய அவ்வூரில் தறி நாட்டியவர்கள், நாகர்கோவில், வள்ளியூர்ப் பகுதிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குலத்து நெசவாளர்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்தவர்கள். குழித்தறியில் அமர்ந்து, நாடாவை இடக்கையிலிருந்து வலக்கைக்கும் வலக்கையிலிருந்து இடக்கைக்கும் எறிவதே நாள் முழுதும் தொழில். பார்ப்பவனுக்கு அது அரைத்த மாவை அரைப்பதே. ஆனால் மாலையில் ஒரு முழத் துணி மிஞ்சுகின்றது. அத்துணியின் கரை இருபுறமும் ஒன்றுபோல் விளங்குகின்றது. கூலி குறைந்தால் அத்தொழிலும் கசக்கும் என்பதை நெசவாளர் அறிவர். அதனை நாம் மறைக்கவில்லை. எனினும் எறிந்த நாடா ஒன்றும் வீணாவதில்லை.

அடிமுறை பயிலும் களரிகளும் இவ்வாறே. ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்று கால்வைப்பை ஆசான் மீண்டும் மீண்டும் செய்விக்கின்றார். மாணவனுக்குச் சலிப்பு வருகின்றது. ஆனால் சில திங்கள் சென்றபின் அவன் உடம்பு அவனறியாமலே திரும்புகின்றது. அங்கே மிஞ்சுவது துணியன்று, தேர்ந்த உடம்பு. ஆகத் திரும்பச் செய்தல் இரண்டு வகையில் பயன் தரும்: ஒன்று, கை தேறும், மற்றொன்று, பொருள் மிஞ்சும்.

இவ்விரு அளவுகோல்களையும் திரை ஆட்டங்களின் மேல் வைத்துப் பார்ப்போம். 2011-இல் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்' என்னும் ஜப்பானிய ஆட்டம் கடுமைக்குப் பேர்போனது. ஆடுவோன் ஒரே இடத்தில் முப்பது முறை மாள்வான். மாளும்போது சேர்த்ததெல்லாம் அவ்விடத்தில் விழும். மீண்டும் அங்கே சென்று சேரும் வரை உயிரோடிருந்தால் அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முப்பத்தொன்றாம் முறை வெல்பவன் தன் வீரனின் எண் உயர்ந்ததால் மட்டும் வெல்வதில்லை. பகைவன் வாளை எப்போது ஓங்குவான் என்பதைக் கண்டுகொண்டதாலேயே வெல்கின்றான். அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'எல்டன் ரிங்' ஓராண்டுக்குள் 2 கோடிப் படிகள் விற்றது என்றால், உலகம் கடினத்தை வெறுக்கின்றது என்று யார் சொல்வார்? 2018-இல் வந்த 'செலஸ்ட்' ஆட்டத்தில் ஒரு மலையேறும் பெண் ஓயாமல் விழுகின்றாள். விழுந்த நொடியிலேயே விழுந்த இடத்தருகே எழுகின்றாள். தோல்விக்குத் தண்டனை இல்லை. ஆதலால் தோல்வி பாடமாகின்றது. மிகவும் கடினமென்று கருதுவோர் எளிதாக்கிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. இவை கை தேறும் வகை.

பொருள் மிஞ்சும் வகைக்கு 'மைன்கிராஃப்ட்' சான்று. 2011-இல் முழு வடிவில் வெளியான இவ்வாட்டத்தில் சிறுவர் மணிக்கணக்காகப் பாறை வெட்டுகின்றனர். வெட்டுவது சலிப்பே. ஆனால் வெட்டிய கல்லை அடுக்கி வீடும் பாலமும் கோட்டையும் கட்டுகின்றனர். கட்டியதை மறுநாள் நண்பனுக்குக் காட்டுகின்றனர். செங்கல் என்று பெயர் பூண்ட ஊரிலிருந்து எழுதும் நாம், கல்மேல் கல் வைப்பதைப் பயனற்ற வேலை என்று எங்ஙனம் கூறுவோம்? 2023-ஆம் ஆண்டுக்குள் இதன் விற்பனை 30 கோடிப் படிகளைக் கடந்தது.

இனி மூன்றாவது வகை ஒன்று உண்டு. நம் கவலையெல்லாம் அதனைப் பற்றியதே. அங்கே கையும் தேறுவதில்லை, பொருளும் மிஞ்சுவதில்லை; எண் மட்டும் ஏறுகின்றது. இவ்வகையை இனங்காண ஓர் எளிய சோதனை கூறுவோம். கோயம்புத்தூர்க் கிரைண்டர் வீட்டுக்கு வந்தபோது நம் தாய்மார் ஆட்டுக்கல்லைப் பிரிந்து கண்ணீர் விடவில்லை. மாவு வேண்டும், ஆட்டும் வேலை வேண்டா. ஆகவே மகிழ்ந்து பொறியிடம் ஒப்படைத்தனர். ஆனால் ஆடுபுலி ஆடும் ஒருவரிடம், "உமக்காகப் பொறி ஆடும், நீர் சும்மா இரும்" என்றால் ஒப்புவாரா? பிறரிடம் ஒப்படைக்க மனம் விரும்பும் பகுதி வேலை. ஒப்படைக்க மனம் வாராத பகுதி விளையாட்டு. இதுவே சோதனை.

இச்சோதனையில் பல கைப்பேசி ஆட்டங்கள் தாமே தோற்றுவிடுகின்றன. அவற்றில் 'ஆட்டோ' என்றொரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் ஆட்டம் தன்னைத் தானே ஆடிக்கொள்ளும், உரிமையாளன் தேநீர் அருந்தலாம். 2002-லேயே எரிக் ஃபிரெட்ரிக்சன் என்பவர் 'புரோகிரஸ் குவெஸ்ட்' என்னும் ஆட்டத்தை நகைப்புக்காக அமைத்தார். வீரனுக்குப் பெயர் வைப்பதோடு ஆடுவோன் கடமை முடிந்துவிடும். போரும் வெற்றியும் நிலை உயர்வும் தாமே நிகழும். 2010-இல் இயான் போகோஸ்ட் என்னும் பேராசிரியர், முகநூலில் பரவியிருந்த பண்ணை ஆட்டங்களை எள்ளி நகையாடும் பொருட்டு 'கவ் கிளிக்கர்' என்ற ஒன்றை அமைத்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாட்டைச் சொடுக்கலாம். காத்திருக்க மனமில்லையேல் காசு செலவழிக்கலாம். அவ்வளவே ஆட்டம். நகைப்புக்காகச் செய்ததை ஆயிரமாயிரம் பேர் உண்மையாகவே ஆடத் தொடங்கினர். செக்குமாட்டைப் பற்றிய கேலிச்சித்திரம் கண்டு மக்கள் செக்கில் ஏறிக்கொண்டது போலாயிற்று.

இங்கேதான் வணிகத்தின் சூழ்ச்சியை நாம் காணவேண்டும். சலிப்பு தற்செயலாக வந்ததன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எட்டு மணி நேரம் காத்திருந்தால் கோட்டை எழும்; பணம் கொடுத்தால் இப்போதே எழும். ஐந்நூறு முறை வென்றால் வாள் கிடைக்கும்; பணம் கொடுத்தால் இன்றே கிடைக்கும். சாலையில் பள்ளம் தோண்டிவிட்டுப் பல்லக்கு வாடகைக்கு விடுபவனை நாம் என்னவென்று அழைப்போம்? நாள்தோறும் வந்து இட்ட பணியை முடித்தால்தான் பரிசு என்னும் திட்டங்களோ, விளையாட்டை வருகைப்பதிவேடு ஆக்கிவிடுகின்றன. எந்த முறையில் பரிசு விழும் என்று தெரியாதவாறு வைப்பதும் ஒரு கலை. எப்போது தீனி விழும் என்று தெரியாத புறா ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும் என்பதை ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞர் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். தாயம் உருட்டும் கை ஓயாததும் அதனாலேயே. ஆனால் தாயம் ஆடும் திண்ணையில் சாப்பாட்டுக்கு அழைத்ததும் ஆட்டம் முடியும். கைப்பேசியில் அழைப்பு விடுப்பது ஆட்டமே.

பிறரிடம் ஒப்படைக்கும் வேலை என்றோம். அவ்வேலையைக் கூலிக்குச் செய்தோர் வரலாறும் உண்டு. 2004-இல் தொடங்கிய 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தில் பொன் சேர்க்கச் சலித்த அமெரிக்கரும் ஐரோப்பியரும் அப்பொன்னை விலைக்கு வாங்கத் தலைப்பட்டனர். அதற்காகவே சீனத்தில் கூலிக்கூடங்கள் தோன்றின. இளைஞர்கள் பன்னிரண்டு மணி நேர முறை வைத்துத் திரையில் அரக்கர்களை வெட்டிப் பொன் சேர்த்தனர். 2007-இல் நான்ஜிங் நகரத்து அத்தகைய கூடமொன்றை நேரில் கண்டு எழுதினார் ஜூலியன் டிபல் என்னும் எழுத்தாளர். அவர் கூறும் ஒரு செய்தி வியப்பூட்டுவது: வேலை முடிந்து வெளியேறிய தொழிலாளருட் சிலர் இணையக் கடைக்குச் சென்று அதே ஆட்டத்தைத் தம் இன்பத்துக்காக ஆடினராம். ஆட்டம் ஒன்றே, அரக்கனும் ஒருவனே. ஆணைக்காகச் செய்தபோது அது வேலை, விருப்பத்தால் செய்தபோது விளையாட்டு. 2021-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில், ஆடினால் வருவாய் என்று கூறிப் பரவிய 'ஆக்சி இன்ஃபினிட்டி' ஆட்டத்தை எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பாகவே பற்றின. அதன் நாணயம் மதிப்பிழந்தது. 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் களவும் போயிற்று. ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் குடும்பங்களாகிய நாம், ஆடிக்கொண்டே சம்பாதிக்கலாம் என்னும் அழைப்பை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில் தம் பதினெட்டாம் வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றார். சதுரங்க வீரர்க்கும் தர எண் உண்டு. ஆனால் தோற்றால் அவ்வெண் இறங்கும். ஆகவே அது திறமையைக் காட்டும். தோற்றாலும் வென்றாலும் ஏறிக்கொண்டே இருக்கும் எண், ஆடியவன் எவ்வளவு காலம் செலவிட்டான் என்பதை மட்டுமே காட்டும். மகன் "நான் எண்பதாம் நிலையில் இருக்கின்றேன், அப்பா" என்று கூறும்போது, "அந்த எண் இறங்குமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கூறினாலும் எளிய அரைத்தலை முற்றும் விலக்குக என்று நாம் கூறோம். பகல் முழுதும் வேலைத்தளத்தில் நின்று திரும்பியவர் இரவில் வண்ண மணிகளைச் சேர்த்து உடைத்துக் கால் மணி நேரம் இளைப்பாறுவாராயின், அது வெற்றிலை மடிப்பதும் பூத்தொடுப்பதும் போன்றதே. கைக்கு வேலை, மனத்துக்கு ஓய்வு. முன்னர்க் கூறிய வார்கிராஃப்ட் ஆட்டத்தை அமைத்தோர், நெடுநேரம் ஆடுவோர்க்குப் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கும் விதியை முதலில் வைத்தனர். சோதனைக் காலத்தில் ஆடியோர் சினந்தனர். பின்னர் அதனையே திருப்பி, ஓய்வெடுத்து வருவோர்க்கு இருமடங்கு புள்ளி என்றனர், ஆடுவோர் மகிழ்ந்தனர். ஓய்வைத் தண்டனையாக்காமல் பரிசாக்கும் இந்த நுட்பம் பெற்றோர்க்கும் பயன்படும்.

சட்டம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடலாகாது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பணயம் வைக்காத ஆட்டங்கள் அத்தடைக்குள் வாரா. பொழுதைக் கவர்வோனைத் தடுக்கும் காவல் வீட்டில்தான் இருத்தல் வேண்டும். மறுபுறம், ஆடுகின்ற பிள்ளையையெல்லாம் நோயாளி என்பதும் தவறு. உலக நல அமைப்பு 2022 முதல் நடைமுறையில் உள்ள தன் நோய்ப் பட்டியலில் ஆட்ட மீறலைச் சேர்த்துள்ளது உண்மையே. ஆனால் கட்டுப்பாடு இழந்து, மற்றக் கடமைகளெல்லாம் பின்தள்ளப்பட்டு, தீங்கு நேர்ந்தும் நிறுத்த இயலாத நிலை பெரும்பாலும் ஓராண்டு அளவு நீடித்தாலே அப்பெயர் பொருந்தும்.

ஆகவே அன்பர்களே, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு மாலை பிள்ளையின் அருகில் அமருங்கள். "இதில் எது கடினம்? சென்ற வாரம் முடியாதது இவ்வாரம் எது முடிகின்றது? நீ கட்டியதைக் காட்டு" என்று கேளுங்கள். விடை தெளிவாக வருமாயின், அவன் ஆடுபுலியின் வழித்தோன்றல். தக்க நேரம் வகுத்துக்கொடுத்து ஆடவிடுங்கள். விடை வாராதாயின், "இதனை உனக்காக வேறொருவர் செய்து தந்தால் வேண்டா என்பாயா?" என்று கேளுங்கள். அவன் சற்றே எண்ணிவிட்டு, தானே நகைப்பான். அந்த நகைப்பு எழுந்த வேளையிலே தாயக்கட்டையையோ சதுரங்கப் பலகையையோ எடுத்து வைத்து எதிரில் அமர்பவர் அறிவுடைய பெற்றோர் ஆவர்.